மச்சான் காரம், அக்கா துவர்ப்பு

ஜூன் 2, திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது. போகிறபோது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "பார்த்துக்கங்க" என்று சொல்லிப் பொம்மி பூப்பறிக்கப் போனாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள்.

"தெருவுக்கே தீஞ்ச வாடை வருது. பக்கத்துல உக்காந்திருக்க மனுசனுக்குத் தெரியலையா?"

"பேப்பர்ல முக்கியமான சேதி."

எட்டிப் பார்த்தாள். ராசிபலன் பக்கம்.

உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. மே மாதம் முடிய வெறும் வெள்ளைத்தாள். யாரிடமும் சொல்ல முடியாத விஷயம் ஒன்று வந்து சேர்ந்ததால் இன்று முதல் நானும் எழுத்தாளன்.

விஷயம் இதுதான். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஒயின் ஆலை. ஆலை என்றதும் புகைபோக்கியெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். திராட்சைத் தோட்டம், தகர ஷெட், உள்ளே மூன்று ஸ்டீல் டேங்க். மூன்றிலும் சிவப்பு ஒயின். எது எப்போது பாட்டிலுக்குப் போகலாம், எதை இன்னும் வைத்திருக்க வேண்டும் என்று மோந்து சொல்வது என் வேலை. பத்தாம் வகுப்பை இரண்டாவது தடவையில் தாண்டிய எனக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே பட்டம் இந்த மூக்குதான்.

மகள் தாரகை ஒயின் படிப்புப் படித்தவள். நாசிக்கில் பெரிய ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். ஆர்டர் வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்க மூக்கு இருக்கிற தைரியத்துலதான்ப்பா போறேன். இல்லன்னா இதையெல்லாம் போட்டுட்டு நான் எங்க போறது?"

ஆகவே மூக்கு இருக்கிறது. எல்லோரையும் பொறுத்தவரை இருக்கிறது. பிள்ளை ரயிலேறும்வரை இருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். தும்மல் வந்தது. வாசம் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

இன்று தாரகையோடு டேங்க் பார்க்கும் நாள்.

எங்கள் டேங்குகளுக்கு நம்பர் கிடையாது. சொந்தக்காரர்கள் பேர்தான். தாரகை படித்த புத்தகத்தில் சிவப்பு ஒயினுக்குப் பிளாக்பெர்ரி வாசம், சிடார் மர வாசம் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அந்தப் பழத்தை நானும் பார்த்ததில்லை, கம்பம் சந்தையும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சொந்தக்காரர்கள். அதனால் முதல் டேங்க், ஷிராஸ் திராட்சை, ஜக்கையன் மச்சான். பொம்மியின் அண்ணன். வாயில் விட்டதும் மிளகுக் காரம், பெரிய சத்தம். விழுங்கியபின் தேடினால் ஆளைக் காணோம். இரண்டாவது, கேபர்நே திராட்சை, என் அக்கா கொண்டம்மா. எடுத்ததும் துவர்த்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் பொறுத்தால் மெதுவாக ஓர் அன்பு வரும். மூன்றாவது, பன்னீர் திராட்சையில் போட்டது, காலமான எங்கள் சின்னையா. எல்லோரிடமும் இனிப்பாகச் சிரிக்கும். நம்பி ஒரு காரியம் ஒப்படைக்க முடியாது. பேரெல்லாம் டேங்க் மேல் சாக்பீஸில் நானே எழுதியது. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இதுவரை ஷெட்டுக்குள் வந்ததில்லை. அதனால் குடும்பம் இன்னும் ஒற்றுமையாக இருக்கிறது.

தாரகை மச்சானில் கொஞ்சம் பிடித்து நீட்டினாள். நான் வழக்கம்போல் கிளாஸைச் சுற்றி, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டேன். பூட்டிய வீடு. நாக்கில் விட்டேன். நாக்கு தாலுகா ஆபீஸ் பியூன் மாதிரி. புளிப்பு, கசப்பு, இனிப்பு என்று வாசலிலேயே நின்று சொல்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் ஐயா சீட்டில் இல்லை என்கிறது.

"என்னப்பா சொல்றாரு மாமா?"

ஏதாவது சொல்ல வேண்டுமே. நேற்று நிஜ மச்சான் மோட்டார் பம்பு இரவல் கேட்டு வந்திருந்தார். என்றைக்கும் இல்லாமல் குரல் பஞ்சு மாதிரி இருந்தது. அதையே சொன்னேன்.

"கொஞ்சம் பணிஞ்சு வர்றாரு. பழைய வீறாப்பு இல்ல."

தாரகை குடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை விரித்தாள். "கரெக்ட்டுப்பா! போன வாரத்துக்கு இப்ப நல்லா இறங்கியிருக்கு. எப்படிப்பா?"

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். ஒயினைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியுமென்றால், ஆளைப் பார்த்து ஒயினைச் சொல்ல முடியாதா?

விஞ்ஞானிகள் இதைவிட மோசமான இடத்திலிருந்தெல்லாம் தொடங்கியிருப்பார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் போனபின் தனியாகத்தான் இருக்கிறாள். மகன் திருப்பூரில். எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தேன்.

"என்னடா அப்படிப் பாக்குற?"

"சும்மாதான்க்கா. நல்லா இருக்கியா?"

"போன தீவாளிக்கு வந்தவன் இன்னைக்குச் சும்மா வந்திருக்கியா? உயிலு எழுதப்போறேன்னு எவனாச்சும் சொன்னானா?"

அரைமணி நேரம் திட்டினாள். அப்புறம் முறுக்கு கொடுத்தாள். அப்புறம் வாசல்வரை வந்து, "நாளைக்கும் வருவியாடா?" என்றாள்.

டேங்க் நிலவரம்: தொடக்கத்தில் துவர்ப்பு தூக்கல். முடிவு நன்று.

ஜூன் 9, திங்கள்

சின்னையா விஷயத்தில்தான் சிக்கல். இறந்தவரிடம் எப்படி விசாரிப்பது? படத்தைப் பார்த்தேன். மாலை காய்ந்திருந்தது. தாரகையிடம், "சின்னையா கொஞ்சம் வாட்டமா இருக்காரு" என்றேன். குறித்துக்கொண்டாள்.

பொறுக்கவில்லை. புது மாலை வாங்கிப் போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பொம்மி மதியம் சாம்பார் ஊற்றினாள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தேன். அவள் கரண்டியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மட்டும் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். பிள்ளைக்கும் மோர்தான்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு பெண்டாட்டி புருஷனை அப்படிப் பார்க்கிறாள் என்றால் நான் இன்னும் கொஞ்சம் லட்சணமாகத்தான் இருக்கிறேன் போல.

சாயங்காலத்திலிருந்து வயிறு சரியில்லை.

ஜூன் 12, வியாழன்

கொடிக்கு அடிக்கத் தாமிர மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தேனியில் மூக்கு டாக்டரைப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார். "வரலாம். வராமலும் போகலாம். கிராம்பு, எலுமிச்சைன்னு தினமும் மோந்து பழகுங்க. பொறுமையா இருங்க" என்றார். இதைச் சொல்ல டார்ச் எதற்கு?

சட்டைப்பையில் கிராம்பு வைத்துக்கொண்டேன். பொம்மி துவைக்கும்போது எடுத்துப் பார்த்தாள். "பல்வலி" என்றேன். சட்டை காய்ந்து திரும்ப வந்தபோது பையில் இன்னும் கொஞ்சம் கிராம்பு சேர்ந்திருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

தாரகை லேபிள் அச்சடிக்கச் சிவகாசி போகிறாள். வியாழன்தான் திரும்புவாள். மறுநாள் வெள்ளிக்கிழமை கொடைக்கானலில் ஒரு ஓட்டல்காரர், ஜெரோம் என்று பேர், ஒயின் வாங்க வருகிறார். மூன்று டேங்கையும் ருசி பார்த்து ஒன்றை எடுப்பார்.

பஸ் ஏறும்போது சொன்னாள்: "இது ஒரு பரீட்சைன்னு வெச்சுக்கங்கப்பா. நான் இல்லாம இந்த நாலு நாள் நீங்க பார்த்துக்கிட்டா, நான் நாசிக்ல நிம்மதியா இருப்பேன்."

பரீட்சை என்றதும் எனக்குப் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. முதல் தடவை.

ஜூன் 16, திங்கள்

அக்கா வீடு. இன்று திட்டவே இல்லை. தலைசீவிப் பூ வைத்திருந்தாள். பணியாரம் சுட்டிருந்தாள். டேங்க் நிலவரம்: அருமை.

அங்கிருந்து மச்சான் வீடு. பம்பைத் திருப்பித் தரும் யோசனையே அவருக்கு இல்லை. சிரிப்பு மட்டும் நிறைய. டேங்க் நிலவரம்: மேலே காரம் குறைவு, உள்ளே அழுத்தம்.

ஜூன் 18, புதன்

பொம்மி ஷெட் பக்கம் போய்விட்டு வந்து சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, உள்ள என்னமோ நாறுது."

அவளுக்கு ஒயின் என்றாலே நாற்றம்தான். கல்யாணமான புதிதில் வீட்டில் முதல் ஜாடி போட்டபோதே பினாயில் என்று சொன்னவள்.

"நாறுதுங்கிறேன்ல?"

"அது ஒயினும்மா. அப்படித்தான் இருக்கும்."

ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அப்புறம், "எதுக்கும் பிள்ளை வந்ததும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க" என்றாள். பரீட்சை எழுதுகிறவன் பக்கத்துப் பெஞ்சில் கேட்கலாமா? தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

தாரகை வரவில்லை. அச்சகத்தில் மின்தடையாம். நாளைக் காலை நேராக வந்துவிடுவாள். அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். பாட்டு முணுமுணுக்கிறாள். டேங்க் நிலவரம்: இதைவிட நன்றாக இருக்க முடியாது.

ஜூன் 20, வெள்ளி

எழுதுவதா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

ஜெரோம் சார் பத்து மணிக்குக் காரில் வந்தார். ஐம்பது வயது, வழுக்கை, நல்ல மனிதர். ஐந்து நிமிஷத்தில் தாரகையும் லேபிள் கட்டோடு வந்துவிட்டாள். முதலில் மச்சானைக் கொடுத்தேன். சார் சுற்றினார், மோந்தார், குடித்தார். "பெப்பர் நல்லா வருது" என்றார். டேங்க் மேல் எழுதியிருந்ததைப் பார்த்து, "இது யாருங்க?" என்றார்.

"என் மச்சான் சார். ருசி அவரு மாதிரி. வாசல்ல கார்ல வந்து இறங்குற மாதிரி சத்தம் பெருசா இருக்கும். பின்னால போய்ப் பார்த்தா, வாடகைக் காரு."

சார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்புக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது.

"எந்தக் காரு மாப்ள?"

கதவில் ஜக்கையன் மச்சான். கையில் தாம்பாளம். அதில் பழம், பூ, வெற்றிலை. அவருக்கு முதுகுப்பக்கம் அக்கா. அவள் கையிலும் ஒரு தாம்பாளம்.

நடந்தது இதுதான். நான் ஏன் அடிக்கடி வந்து முகத்தைப் பார்க்கிறேன் என்று இரண்டு வீட்டிலும் யோசித்திருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் கல்யாண வயதில் மகன். தாரகையை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருப்பதாக முடிவு கட்டிவிட்டார்கள். இன்று வாசலில் வெளியூர்க் கார் நிற்பதைக் கேள்விப்பட்டதும், மூன்றாவது இடம் வந்துவிட்டது என்று தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள்.

அக்கா ஜெரோம் சாரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "ஏண்டா சென்றாயா, படிச்ச பிள்ளைக்கு வழுக்கைத் தலையா கெடைச்சுச்சு?"

"அத்தை, இவரு ஒயின் வாங்க வந்திருக்காரு!" என்றாள் தாரகை.

"ஒயின் வாங்குற சாக்குல எத்தனை பேரு பொண்ணு பார்த்திருக்கான்?" என்றார் மச்சான்.

சார் பாவம், தனக்குக் கல்லூரியில் படிக்கும் மகன் இருப்பதாகச் சொன்னார். "அப்ப மகனுக்கா?" என்றாள் அக்கா.

நிலைமை கைமீறிப் போவதற்குள் அடுத்த டேங்குக்குப் போய்விடலாம் என்று இரண்டாவதைத் திறந்தேன். சாக்பீஸில் தன் பேரைப் பார்த்து அக்கா, "இதென்னடா என் பேரு?" என்றாள். எனக்கு நல்ல தைரியம் இருந்தது. நேற்றுக்கூடப் பாட்டு முணுமுணுத்தவள் ஆயிற்றே. கிளாஸில் பிடித்தேன். சாருக்கு நீட்டினேன். என் கிளாஸைச் சுற்றி, கண்ணை மூடி, ஆழமாக இழுத்துச் சொன்னேன்:

"இதுதான் சார் எங்க வீட்டு மகாலட்சுமி. இந்த வாரம்தான் மலர்ந்திருக்கு. மோந்து பாருங்க, கோயிலுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும்."

கண்ணைத் திறந்தேன்.

சார் கிளாஸைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார். மச்சான் தாம்பாளத்து வெற்றிலையை எடுத்து மூக்கில் வைத்திருந்தார். அக்கா சேலைத் தலைப்புக்குள். சத்தம் கேட்டு வந்திருந்த பொம்மி ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். தாரகை மட்டும் மூக்கைப் பொத்தவில்லை. கையைக் கீழே போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அத்தனை பேருக்கும் நடுவில் நான் ஒருவன் மட்டும் கிளாஸில் மூக்கை விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

"அழுகுன முட்டைடா இது!" என்றாள் அக்கா. "என் பேரைப் போட்டு எதைடா வெச்சிருக்க?"

"எத்தனை நாளாப்பா?" என்றாள் தாரகை. மெதுவாகத்தான் கேட்டாள்.

பொம்மி சொன்னாள். "காய்ச்சல்லருந்து. ஊசிப்போன சாம்பாரை ஊத்திப் பார்த்தேன். ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ போவியா?"



ஜூன் 21, சனி

தாரகை நேற்று மதியமே அக்காவை டேங்கிலிருந்து வெளியே எடுத்து, காற்றுப் படும்படி காலி டிரம்களில் அருவி மாதிரி ஊற்றி, டேங்கைக் கழுவித் திரும்ப விட்டாள். சேர்த்துவைத்து மூடியே இருந்தால் அப்படி ஒரு நாற்றம் கட்டுமாம். காற்று காட்டினால் போய்விடுமாம். இன்று பாதி போய்விட்டது என்கிறாள். எனக்கு எல்லாமே போய்த்தான் இருக்கிறது.

ஜெரோம் சார் மச்சானை எடுத்துக்கொண்டார். நான் சொன்ன வாடகைக் கார் வசனத்தையும் லேபிளில் போட வேண்டும் என்றார். மச்சான் அதற்கு இன்னும் சம்மதம் கொடுக்கவில்லை. "காரு வரைக்கும் போடு, வாடகையை எடுத்துரு" என்கிறார்.

தாரகை ராத்திரிச் சாப்பாட்டின்போது, "நாசிக்குக்கு வரலைன்னு எழுதிட்டேன். இன்னும் அனுப்பல. நாளைக்கு அனுப்பிருவேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்கப்பனுக்கு மூக்குதான் போச்சு, மூளை இருக்கு" என்றேன். பொம்மி, "அதையும் ஒருதடவை பரிசோதிச்சிரலாம்" என்றாள். தாரகை சிரித்துவிட்டு அழுதாள். சோறு அப்படியே கிடந்தது.

ஜூன் 22, ஞாயிறு

விடிந்ததும் வாசலில் அக்கா. கையில் அவள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்.

"எங்க அந்த டேங்கு?"

"எதுக்குக்கா?"

"எதுக்காவா? ஜக்கையனை மட்டும் கொடைக்கானலுக்கு அனுப்புவ, நான் இங்க கெடந்து நாறணுமா? ஊருக்குள்ள அவன் பொண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. என் பேருல இருக்கிற டேங்கை இனி நான்தான் பார்ப்பேன். தெனமும் வருவேன். மோந்துதான் பார்ப்பேன், குடிக்கமாட்டேன்."

தாரகை முதலில் தடுக்கப் பார்த்தாள். அக்கா டம்ளரை நீட்டினாள். மோந்தாள். "இன்னும் இருக்கு. ஆனா முட்டை இல்ல. கழுவாத தேங்காச் சிரட்டை." தாரகையும் மோந்து பார்த்தாள். அப்புறம் அத்தையை ஏற இறங்கப் பார்த்தாள்.

சேதி எப்படித்தான் போனதோ, பத்து மணிக்கு மச்சான். "கொண்டம்மா மதினி மோப்பம் பிடிக்குதாமே? என்னைய யாரு பார்க்கிறது?" அவரும் தன் டேங்கை மோந்தார். "பிரமாதம்" என்றார். அவர் தன்னைப் பற்றி வேறு எதுவும் சொல்ல மாட்டார். அதனால் அவர் டேங்கை அக்காவும், அக்கா டேங்கை அவரும் பார்ப்பது என்று முடிவானது. குறை ஒன்று விடாமல் வந்துவிடும். சின்னையாவை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பார்கள். சுழற்ற, ஊற்ற, காற்று காட்ட, கழுவ நான் இருக்கிறேன். வாசம் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாம் எனக்கு இன்னும் வருகிறது.

தாரகை நாள் முழுக்க அவர்களைச் சோதித்தாள். நல்லதையும் கெட்டதையும் கலந்து கலந்து வைத்தாள். மச்சான் சிலதில் கோட்டைவிட்டார். அக்கா அவரைவிடக் குறைவாக. எதிலுமே இரண்டு பேரும் சேர்ந்து கோட்டைவிடவில்லை.

"நீ வேலைக்குப் போ புள்ள" என்றாள் அக்கா. "இவனுக்குப் பதிலா நாங்க ரெண்டு மூக்கு இருக்கோம்."

"கல்யாணப் பேச்சு?" என்று மச்சான் ஆரம்பித்தார்.

"முதல்ல பம்பைக் கொண்டாங்க மாமா" என்றாள் தாரகை.

ஜூன் 23, திங்கள்

தாரகை நாசிக்குக்கு எழுதியதை அனுப்பவில்லை. துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 26, வியாழன்

அக்கா இன்று நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாளாம். "சந்தேகம் வந்துச்சு, அதான்" என்றாள். மூன்று தடவை சந்தேகம் வந்திருக்கிறது.

ஜூன் 28, சனி

கம்பம் பஸ் ஸ்டாண்டு. மதுரை பஸ். அங்கிருந்து ரயில்.

அக்காவும் மச்சானும் டேங்க் யார் பார்ப்பது என்ற சண்டையில் வரவில்லை. பொம்மி பிள்ளைக்கு மூன்று பை நிறையச் சாப்பாடு கட்டியிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள்.

தாரகை குனிந்து என் காலைத் தொட்டாள். நிமிர்ந்தபோது தலையைப் பிடித்து உச்சி முகர்ந்தேன். பிறந்த நாளிலிருந்து செய்வது. பால் வாசம் இருந்த தலை, பள்ளிக்கூடத்துப் புழுதி இருந்த தலை, திராட்சைக் கொடிக்குள் நுழைந்து வந்த தலை. மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். மூக்கை எடுக்க மனசு வரவில்லை.

"என்னப்பா தெரியுது?"

ஷாம்பு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"ஒண்ணும் தெரியலம்மா."

அவள் தலையை எடுக்கவில்லை. என் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள். "முதல்ல தேங்காய் எண்ணெய். அதுக்குப் பின்னாடி பஸ் டீசல். கொஞ்சம் வேர்வை. கடைசியில நிக்கிறது சாம்பிராணி, அம்மா காலையில என் தலைக்குக் காட்டினது."

கண்டக்டர் விசிலடித்தார்.

"சாம்பிராணி எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டேன்.

"ரயிலு திண்டுக்கல் தாண்டுற வரைக்கும் நிக்கும்ப்பா" என்றாள்.